பன்றிக்கு ஊசி போட்ட தேதி எங்கே எழுதப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றிக்கறியில் மருந்து எச்சம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி நேராக ஊசியின் மேல் விழுகிறது. பண்ணைக்காரன் கண்ட மருந்தையும் குத்துகிறான், ஒரு தடை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் பன்றி வளர்ப்போரும் அவற்றுக்கு வைத்தியம் பார்ப்போருமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். தடைகள் வேண்டியவைதான். கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடுத்தது மிகச் சரி. வேறெந்த மருந்தும் கேட்காத மனித நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது அந்த மருந்தை. அதை எதிர்த்து நிற்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015இல் சீனாவில் முதலில் தெரியவந்ததும் பன்றிகளின் குடல் கிருமியிலிருந்துதான். ஆனால் ஊசிக்கான தேவை கொட்டகையில் எந்த இடத்தில் பிறக்கிறது, போட்ட ஊசியின் கணக்கு எந்த இடத்தில் தொலைகிறது என்ற இரண்டையும் பார்க்காத வரை, எந்தத் தடைக்கும் பிறகு மருந்து பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வந்து சேரும்.

முதல் இடம், குட்டி பால் மறக்கும் அறை. ஒரு பண்ணையில் ஆண்டு முழுக்கச் செலவாகும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பங்கு, தாயிடமிருந்து பிரித்த பின் வரும் மூன்று வாரத்தில் கரைகிறது. காரணம் எளிது. நேற்றுவரை மணிக்கொரு தரம் இளஞ்சூடான பால் குடித்த வயிறு, இன்று காலை தவிடும் புண்ணாக்கும் கலந்த உலர்தீனியைப் பார்க்கிறது. முதல் நாள் குட்டி தின்னாது. இரண்டாம் நாள் பசி தாளாமல் வயிறு முட்டத் தின்னும். அந்த ஒரு நாள் பட்டினியில் குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற மெல்லிய முளைகள் தேய்ந்திருக்கும், செரிக்காத புரதம் கீழே இறங்கும், அதைத் தின்று ஈகோலை என்ற குடல்கிருமி பெருகும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வால் அடியில் மஞ்சள் தண்ணீர் ஒழுகும். சில குட்டிக்குக் கழிச்சலே இருக்காது. இமை வீங்கி, குடித்தவன் போலத் தள்ளாடி, மறுநாள் காலை செத்துக் கிடக்கும். அதுவும் அதே குடும்பத்துக் கிருமியின் வேலைதான்.

இங்கே மருந்துக்கு முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன, எதற்கும் பெரிய காசு வேண்டாம். குட்டி பிறந்து 10 முதல் 14 நாளிலேயே, தாய் எட்டாத மூலையில் ஒரு கைப்பிடி குட்டித்தீனி வையுங்கள். மிச்சத்தை அன்றே எடுத்துவிட்டு மறுநாள் புதிதாக வையுங்கள். பிரிக்கும் நாளில் குட்டிகளைத் தூக்கிப் போகாதீர்கள், தாயை வெளியே கொண்டுபோங்கள். பழகிய தரை, பழகிய மணம், பழகிய குழாய் குட்டிக்கு மிஞ்சட்டும். அடுத்த ஒரு வாரம் தீனியின் வகையை மாற்றக் கூடாது. ஒரே வேளையில் கொட்டாமல் நாளைக்கு நான்கைந்து முறை, கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். படுக்கும் இடம் 28 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க்காற்று டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து தரையோடு தரையாக அடிக்கும். கொட்டகையின் மேல்பக்கம் திறந்திருக்கலாம், குட்டியின் உயரத்துக்கு மட்டும் சாக்குப் படுதா கட்டினால் போதும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்தால் குளிர்கிறது என்று பொருள், ஆளுக்கொரு மூலையில் காலை நீட்டிப் படுத்தால் வெக்கை. வெப்பமானியை விட அது நம்பகமானது.

முப்பது நாளில் பிரித்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வரும் என்ற ஆசையில் பலர் பிரிக்கிறார்கள். ஒழுங்கான குட்டித்தீனியும் சூடும் இல்லாத பண்ணையில் 42 நாளுக்கு முன் பிரிப்பது, மருந்துக் கடைக்குச் சம்பளம் எழுதிக் கொடுப்பது மாதிரி. டென்மார்க் வளர்ச்சிக்காகத் தீனியில் கலக்கும் ஆன்டிபயாடிக்கை 2000க்குள் முழுக்க நிறுத்தியது. நிறுத்திய புதிதில் பால் மறந்த குட்டிகளின் கழிச்சல் கூடி, வைத்தியத்துக்கான ஊசியின் செலவும் கூடியது. பிறகுதான் அறையையும் தீனியையும் சரிசெய்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், தவிடும் ஓட்டல் மிச்சமும் வைத்து வளர்க்கும் நமக்குத் தடை மட்டும் எப்படிப் போதும்?

கழிச்சல் வந்துவிட்டால் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆழமில்லாத தட்டில், குழாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். உப்பைக் கண்ணளவில் போடக் கூடாது. தண்ணீர் குறைந்து உப்பு மிகுந்தால் பன்றிக்கு மூளை வீங்கி வலிப்பு வரும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து ஊசி குத்திய பண்ணைகளும் உண்டு. கழிச்சலோடு குட்டி சோர்ந்து, உடம்பு சில்லிட்டு, தீனியை மறுத்தால் ஆன்டிபயாடிக் வேண்டும்தான். அதில் தயக்கம் காட்டுவது குட்டிக்குச் செய்யும் கொடுமை. ஆனால் முதல் ஊசிக்கு முன்பு, ஆசனவாயிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரி ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கோ மாவட்ட ஆய்வகத்துக்கோ அனுப்புங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மடியும், எதற்கு மடியாது என்று சில நாளில் சொல்லிவிடுவார்கள். ஊசி போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம், அறிக்கையும் எதற்கும் உதவாது. ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்தால் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாற்றும் பழக்கம் நிற்கும்.

அடுத்தது தீனிச் சட்டி. கேரளத்துப் பண்ணைகளில் பெரும்பாலானவை ஓட்டல் எச்சத்திலும் கோழிக்கடைக் கழிவிலும் நடக்கின்றன. ஊரின் குப்பையைத் தின்று தீர்க்கிற உபகாரத்தை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை, போகட்டும். பச்சையாகக் கொட்டும் கோழிக்குடலோடு கோழிப்பண்ணையின் மருந்துக்கு அடங்காத கிருமியும் சேர்ந்து வருகிறது. கொதி வந்ததும் அடுப்பை அணைப்பது பத்தாது. உள்ளே 90 டிகிரி, ஒரு மணி நேரம், விடாமல் கிளற வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸை அழிக்க உலக விலங்கு நல அமைப்பு சொல்லும் அளவும் அதுதான். கிளறாத அண்டாவில் ஓரம் கொதிக்கும், நடுவில் ஐஸில் உறைந்த கோழித்தோல் கட்டி அப்படியே கிடக்கும். காய்ச்சிய தீனியை, பச்சைக் கழிவு வந்த அதே டிரம்மில் ஊற்றுவது எல்லாவற்றையும் வீணாக்கும். டிரம்முக்கு இரண்டு நிறம் அடித்துவிடுங்கள். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மொழி தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கொதியில் கிருமி சாகும், கோழிக்குள் இருந்த மருந்து எச்சம் முழுக்கப் போகாது.

கோழியோடு இன்னொரு ஆபத்தும் வருகிறது. பிராய்லர் தீனியில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். பேட்ச் முடிந்த கோழிப்பண்ணையில் மிஞ்சும் மூட்டைகள் குறைந்த விலைக்குப் பன்றிக்கு வரும். அதைத் தின்னும் பன்றிக்குச் சளிக்கோ ரத்தக்கழிச்சலுக்கோ டயாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், பின்னங்கால் இழுத்து, சிறுநீர் காபி நிறமாகி, பன்றி விழும். டயாமுலின் அந்தக் கோழி மருந்தைக் கல்லீரல் கழித்து வெளியேற்றாமல் தடுத்துவிடுகிறது, அது உடம்பில் நஞ்சாகச் சேர்கிறது. டயாமுலினுக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் கோழித்தீனி மூட்டையைக் கொட்டகைக்குள் விடக் கூடாது. “ஊசி போட்டதும் செத்தது, மருந்து போலி” என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன், மூட்டையின் சீட்டைப் படியுங்கள்.

இனி அளவு. “எல்லாத்துக்கும் அஞ்சு மில்லி” என்பதுதான் எங்கள் பக்கத்தில் நடைமுறை. உடம்பில் நீண்ட நாள் நிற்கும் வகை ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் பத்துக் கிலோவுக்கு ஒரு மில்லி. அஞ்சு மில்லி 50 கிலோ பன்றிக்குச் சரி. 90 கிலோ பன்றிக்கு அது பாதிக்குக் கொஞ்சம் மேல். பாதி மருந்து பலவீனமான கிருமியைக் கொன்று, தாங்கக்கூடியதை மட்டும் மிச்சம் வைக்கும். தராசு இல்லாதவர்கள் துணிக்கடை நாடாவை எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடக்கம் வரை முதுகோடு ஒரு அளவு, இரண்டையும் மீட்டரில் எழுதுங்கள். சுற்றளவு பெருக்கல் சுற்றளவு பெருக்கல் நீளம் பெருக்கல் 69.3. சுற்றளவு 90 சென்டிமீட்டர், நீளம் 95 என்றால் 0.9 × 0.9 × 0.95 × 69.3, ஏறக்குறைய 53 கிலோ வரும். பன்றி தலையைக் கீழே போட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் நாடா வழுக்கும். தலை நேராக இருக்கும்போது அளக்க வேண்டும்.

ஊசி போடும் இடம் காதுக்குப் பின்னால் கழுத்து. தொடையில் போட்டால் சீழ்க்கட்டி கட்டி விலையுள்ள கறி கெடும். குட்டிக்குப் போட்ட மெல்லிய ஊசியை வளர்ந்த பன்றிக்குப் போட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும், தசைக்குப் போகாது. தாய்ப்பன்றிக்கு ஒன்றரை அங்குல நீளம், 16 எண் (கேஜ்) தடிமன் உள்ள ஊசி வேண்டும். மருந்து பத்து மில்லிக்கு மேல் என்றால் கழுத்தின் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கள். ஓர் ஊசியால் ஓர் அறை முழுதும் குத்திக்கொண்டு போவது இருப்பதிலேயே கெட்ட பழக்கம், அதைக் கீழே சொல்கிறோம்.

தண்ணீரிலும் தீனியிலும் மருந்து கலப்பவர்களுக்கு ஒரு கேள்வி. நோயுற்ற பன்றி முதலில் விடுவது எதை? தீனியை. அப்படியானால் மருந்து நோயில்லாத பன்றியின் வயிற்றுக்குத்தான் போகிறது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். டெட்ராசைக்ளின் வகையும் என்ரோஃப்ளாக்சசினும் அந்தச் சுண்ணாம்போடு பிணைந்து, குடலில் ஏறாமல் சாணத்தோடு வெளியே போகும். அந்தச் சாணத்தைத் தென்னைக்கும் வாழைக்கும் பச்சையாக ஊற்றுகிறோம். குவித்து மூடி, நடுவில் கைவைக்க முடியாத சூடு ஏறி இறங்கும்வரை மட்கவிட்ட பிறகு போட்டால், மருந்தும் கிருமியும் பெருமளவு குறையும். மழைக்கு முன்னால் பச்சைக் கழிவு ஓடையில் கலப்பதை அண்டை வயல்காரர்கள் சும்மா விடுவதுமில்லை.

மருந்தே வேண்டாத இடத்தில் மருந்து போவதற்கு மூன்று உதாரணம் சொல்கிறோம். ஒன்று, இருமல். பெனிசிலின் கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் அடிக்கும். இருமலைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, ஆகவே அதற்கு எத்தனை பாட்டில் போட்டாலும் தண்ணீர்தான். அதற்கும் முன்னால், பன்றியின் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து இரண்டு நிமிடம் மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் மூத்திர வாடையே இருமலுக்குக் காரணம். வெட்டும் இடத்தில் ஈரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பால் சிந்தினது மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது உருண்டைப்புழு. அதன் குஞ்சுகள் நுரையீரல் வழியே போகும்போது பன்றி இருமும். அதற்கு வேண்டியது புழுமருந்து.

இரண்டு, வெளிறின குட்டி. சிமென்ட் தரையில் பிறந்த குட்டிக்கு மண்ணில்லை, தாய்ப்பாலில் இரும்பு போதாது. மூன்றாம் நாளுக்குள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடாவிட்டால் மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கும். அதை நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்ப்பதும், தொப்புளை டிங்க்சர் அயோடினில் முக்குவதும் இதே கணக்கில் சேரும். ஒரு நாள் கழித்துக் கொடுக்கும் சீம்பாலின் எதிர்ப்பொருள் குடல் வழியே ரத்தத்துக்குப் போகாது.

மூன்றாவதுதான் பெரியது. காய்ச்சல் 41 டிகிரி, காது நுனியும் வயிறும் கருஞ்சிவப்பு, பன்றிகள் குவிந்து படுக்கை. இது எரிசிபெலாஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். தோலில் வைரக்கல் வடிவத் தடிப்பு தெரிந்தால் பெனிசிலின் ஓரிரு நாளில் எழுப்பிவிடும். பன்றிக்கு மட்டும் வரும் பன்றிக்காய்ச்சலாக (மனிதருக்கு வரும் ஃப்ளூ அல்ல) இருந்தால் அது வைரஸ், ஆன்டிபயாடிக் ஊசி கேட்காது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குட்டிக்கு இரண்டு மாதத்தில் போட்டிருக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாக இருந்தால் மருந்துமில்லை, நம் நாட்டில் தடுப்பூசியுமில்லை. 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடியில் கேரளத்தின் முதல் தொற்று உறுதியானது. மூன்றும் முதல் நாளில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் ஒரே ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு “எதற்கும் இருக்கட்டும்” என்று நாற்பது பன்றிக்கும் ஆன்டிபயாடிக் போடுகிறவர், நோயைத் தன் கையாலேயே அறை அறையாகக் கொண்டுபோகிறார். பன்றிக்கு ஒரு ஊசி. கிடைக்காவிட்டால் அன்று யாருக்கும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் கண்ட பன்றியை அவசரமாக விற்பது அதைவிடப் பெரிய தப்பு.

விற்பது என்றதும், கணக்கு தொலையும் இடத்துக்கு வருகிறோம். உணவுக்கான கால்நடைகளின் மருந்துச் சீட்டில், கடைசி ஊசிக்கும் வெட்டுக்கும் நடுவில் எத்தனை நாள் விட வேண்டும் என்று அச்சிட வேண்டும். மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளின் 97ஆவது விதி 2012இலிருந்து இதைச் சொல்கிறது. அந்த மருந்துக்கென்று நாள் வகுக்கப்படாவிட்டால் இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வெட்டப்போகும் பன்றிக்கு நவம்பர் 26க்குப் பிறகு ஊசி ஏறியிருக்கக் கூடாது என்று கணக்கு. நடப்பதோ வேறு. டிசம்பர் இரண்டாம் வாரம் இருமிய பன்றிக்கு ஊசி, மூன்றாம் வாரம் வியாபாரி வண்டி. வியாபாரி எடையைக் கேட்பார், வயதைக் கேட்பார், ஊசியைக் கேட்க மாட்டார். கேட்டாலும் பதில் சொல்லப் பண்ணையில் நோட்டு கிடையாது.

கேரள அரசு 2018இல், மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்தவெனத் தனிச் செயல்திட்டம் அறிவித்தது. 2024இல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மருந்துக் கடைகளை ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் சோதித்தது. நல்லதே. ஆனால் எல்லை தாண்டினால் அரை மணி நேரத்தில் இன்னொரு மாநிலத்தின் கடை. கடையை மட்டும் பிடித்து இந்த ஓட்டையை அடைக்க முடியாது. பன்றியைப் பிடிக்கலாம், ஏனென்றால் பன்றி எப்படியும் ஒரு காகிதத்தோடுதான் எல்லையைக் கடக்க வேண்டும். கால்நடைத் துறையின் சோதனைச்சாவடியில் காட்டும் உடல்நலச் சான்றில் நோய் இல்லை என்று எழுத இடம் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்தால் போதும்: கடைசியாகப் போட்ட மருந்தின் பெயர், போட்ட தேதி. மருத்துவர் எழுத வேண்டுமானால் பண்ணைக்காரர் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமானால் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டு, ஐந்து பத்தி: காது எண், எடை, மருந்து, தேதி, எந்தத் தேதிக்குப் பிறகு வெட்டலாம். ஊசி போட்ட பன்றியின் முதுகில் அழியாத நீல மார்க்கரில் ஒரு கோடு; நாள் முடியும்வரை அது மங்க மங்கப் புதுப்பித்தால், விற்பவர் வெளியூர் போயிருந்தாலும் வண்டியில் ஏற்றும் பையன் அந்தப் பன்றியை ஏற்றாமல் விட்டுவிடுவான்.

கால்நடைத் துறையிடம் இன்னும் ஒரு வேண்டுகோள். அந்தச் சான்றையும், மருந்துப் பாட்டிலோடு கடையில் கொடுக்கும் ‘எத்தனை நாள்’ துண்டுச்சீட்டையும் மலையாளத்தோடு தமிழிலும் அச்சிடுங்கள். இப்போது அது பாட்டிலில் கடுகளவு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் பன்றிக்கு ஊசி போடுகிறவர்களில் பலர் படித்தது தமிழ்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்போரும் கால்நடை வைத்தியம் பார்ப்போரும் சிலர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.